பனிச்சறுக்கு கேள்வில மார்க் குறைஞ்சா அவசர புத்தி இல்லைன்னு அர்த்தமா?

அமெரிக்கால சைக்காலஜி மாஸ்டர்ஸ் பண்ற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "காலேஜ் பசங்ககிட்ட அவசர புத்திய அஞ்சு குணமா பிரிச்சு அளக்கற, 20 கேள்வி இருக்கற யுபிபிஎஸ்-பி கேள்வித்தாள் கொடுத்தேன், குடிக்கறதப் பத்தியும் கேட்டேன். வெள்ளைக்கார பசங்களவிட கறுப்பின பசங்களுக்கு, அந்த அஞ்சுல ஒண்ணான த்ரில் தேடுற குணத்தோட ஸ்கோர் கம்மி, குடியோட அதுக்கு இருக்கற தொடர்பும் கம்மி. அவங்களுக்கு அவசர புத்தி கம்மின்னு தீசிஸ்ல எழுதலாமா?"

இப்போதைக்கு எழுதாதீங்கம்மா. முதல்ல அந்த த்ரில் கேள்விங்க நாலையும் எடுத்துப் படிங்க. அதுல ரெண்டு, உயரமான மலைச்சரிவுல வேகமா ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போனா பிடிக்குமா, விமானம் ஓட்டக் கத்துக்க ஆசையான்னு கேக்குது. வீட்ல யாருமே ஸ்கீயிங் பக்கம் போனதில்ல, அதுக்கு ஆகற செலவும் கட்டுப்படியாகாது, அப்படி வளர்ந்த பையன் இல்லைன்னு டிக் பண்ணா அது அவன் குணமா இல்ல வீட்டு வசதியா? ஒரே கேள்வி ரெண்டு க்ரூப்லயும் ஒரே மாதிரி அளக்குதான்னு செக் பண்ணத்தான் மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ் டெஸ்ட் இருக்கு. லாவான்ல (ஆர் சாஃப்ட்வேர்ல இருக்கற ஒரு பேக்கேஜ்) க்ரூப் போட்டு லோடிங் (கேள்வி அந்த குணத்தோட எவ்வளவு ஒட்டுதுங்கறது), அப்புறம் இன்டர்செப்ட் (குணம் ஒரே அளவுல இருக்கும்போது அந்தக் கேள்விக்கு வர்ற அடிப்படை மார்க்), ஒண்ணொண்ணா ரெண்டு க்ரூப்லயும் சமமா கட்டிப் பாருங்க, மாடல் டேட்டாவோட எவ்வளவு பொருந்துதுன்னு காட்டற சிஎஃப்ஐ 0.01க்கு மேல விழுந்தா எந்தக் கேள்வி இடிக்குதுன்னு தேடுங்க. இன்டர்செப்ட் சமமா இல்லாம சராசரிய ஒப்பிடறது ரெண்டு வேற தராசுல நிறுத்துப் பாக்கற மாதிரி.

குடியோட தொடர்பு கம்மின்னு சொன்னீங்கல்ல, அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்க ஸ்கூல் பசங்களோட குடி, போதைப் பழக்கத்தப் பத்தி 1975லேர்ந்து நடக்கற மானிட்டரிங் த ஃப்யூச்சர் சர்வேல கறுப்பின ஸ்கூல் பசங்க வெள்ளைக்கார பசங்களவிட கம்மியாதான் குடிக்கறாங்கன்னு பல வருஷமா வந்திருக்கு, உங்க டேட்டாலயும் அந்த க்ரூப்ல நிறைய பூஜ்யம் (குடிக்கவே இல்லைங்கற பதில்) இருக்கும்னு நினைக்கறேன், ஏற்ற இறக்கமே கம்மியா இருந்தா கோரிலேஷன் (தொடர்போட அளவு) தானா சுருங்கிடும். அதனால கோரிலேஷன அப்படியே ஒப்பிடாம கவுன்ட் மாடல் (எத்தனை தடவைங்கற மாதிரி எண்ணிக்கைக்கான மாடல்) போட்டு, ஸ்கோர் ஏற ஏற குடி ஏறற வேகம், அதாவது ஸ்லோப், க்ரூப்புக்கு க்ரூப் நிஜமாவே மாறுதான்னு இன்டராக்ஷன் பாருங்க. குடியால வர்ற பிரச்சனைய, குடிக்கற அளவோட கலக்காம தனியா வைங்க, ஏன்னா மனசு கலங்கும்போது அவசரப்படற குணம் குடிக்கற அளவவிட அந்தப் பிரச்சனையோடதான் அதிகமா ஒட்டும், அஞ்சு குணத்தையும் கூட்டி ஒரே ஸ்கோர் ஆக்கினா அது மறைஞ்சே போயிடும்.

'ஆசியன்'னு ஒரு க்ரூப் போட்டிருந்தா அதையும் பிரிச்சுப் பாருங்க. கொரியா, சீனாக்காரங்கள்ல நிறைய பேருக்கு ஏஎல்டிஹெச்2 ஜீன் மாற்றத்தால ஒரு கிளாஸ்லயே முகம் செவந்து படபடன்னு வந்துடும், நம்மூர்க்காரங்களுக்கு அது அபூர்வம். அந்த ஜீன் மாற்றம் இருக்கறவங்க குடிக்காம இருக்கறத நிதான புத்தின்னு கணக்குல சேத்துடாதீங்க.