சர்க்கரைக் கிண்ணமும் அந்நிய மூடியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலம்பஸுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒஹாயோவில் எந்தப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் ஓர் அலமாரி முழுக்கக் கண்ணாடிக் கிரீமரும் (பால் ஊற்றும் சிறு ஜாடி) சர்க்கரைக் கிண்ணமும்தான். நானும் வாங்க ஆரம்பித்து, இப்போது வீட்டில் பதினோரு ஜோடி இருக்கிறது. சில சந்தேகங்கள்.

வெளிர் ரோஸ் நிற ஜோடி ஒன்றில் ‘மாட்ரிட், 1930கள்’ என்று அட்டை கட்டியிருந்தார்கள். வாங்கியபின் வேறொரு கடைக்காரர் பார்த்துவிட்டு, இது புதுசு என்கிறார். யார் சொல்வது சரி? பச்சை ஜோடி ஒன்றில் மூடி சரியாக உட்காராமல் ஒரு பக்கமாக நழுவுகிறது. ஒரு கிரீமரின் உள்ளே வெள்ளை மங்கல். டிஷ்வாஷரில் இரண்டு முறை போட்டேன், கூடியதுபோல் தெரிகிறது. மூடியில்லாத உயரமான ஒரு கிண்ணத்தைச் சர்க்கரைக் கிண்ணம் என்று வாங்கினேன்; அதற்கு எங்கே தேடியும் மூடி கிடைக்கவில்லை.

ச., கொலம்பஸ்

அன்புள்ள ச.,

முதலில் டிஷ்வாஷரை நிறுத்துங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

கிரீமருக்குள் தெரியும் வெண்மை இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, கடின நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து நிரப்பி ஓர் இரவு வைத்தால் அது கரைந்துவிடும். இன்னொன்று அரிப்பு. டிஷ்வாஷரின் வெந்நீரும் காரம் மிகுந்த பொடியும் கண்ணாடியின் மேற்பரப்பையே கரைத்துவிடுகின்றன. அங்கே அழுக்கு ஒட்டவில்லை, கண்ணாடிதான் குறைந்திருக்கிறது. அதனால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாய்த்துப் பார்க்கும்போது மங்கலோடு வானவில் நிறம் மினுங்கினால் பெரும்பாலும் அரிப்புதான். வினிகர் வைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்த மங்கலும் மறைந்துவிடும். இதைத் தெரிந்த சில விற்பனையாளர்கள் உள்ளே எண்ணெய் தடவி வைப்பதுண்டு. கடையில் வாங்கும்போது உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். வழுவழுப்பு ஒட்டினால் கீழே வைத்துவிடுங்கள். அரித்த கண்ணாடியைச் செப்புத் துண்டுகளும் பாலிஷ் பொடியும் போட்டு உருட்டித் தெளிவாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண கிரீமருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. இனாமல் பூச்சு, தங்க விளிம்பு, எண்ணெய்ப் படலம்போல் பல நிறமாக மினுங்கும் பூச்சு உள்ளவற்றை வினிகர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் மற்ற மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான் இருக்கிறது. கடைக்காரர் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருந்தால் ஜோடி என்று நம்பிவிடுகிறோம். மூடியுள்ள செட் என்றால் அதில் மூன்று துண்டுகள்: கிரீமர், கிண்ணம், மூடி. ஒன்றோடொன்று அறிமுகமில்லாத மூன்று பேராக நினைத்துத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். தொண்ணூறு வருடத்தில் ஒன்று உடைந்து இன்னொன்று தப்புவது சகஜம். தப்பியவற்றைக் கடைக்காரர்கள் சேர்த்துவைப்பார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

மாட்ரிட்டுக்கு வருவோம். உங்கள் ஊரிலேயே இருந்த ஃபெடரல் கிளாஸ் நிறுவனம் 1932 முதல் 1939 வரை செய்த ஒரு வேலைப்பாட்டு வடிவத்தின் பெயர் அது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இயந்திர அச்சில் அழுத்தி மலிவாக விற்ற கண்ணாடி. டிப்ரஷன் கிளாஸ் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். 1976இல், அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டையொட்டி, ஃபெடரலே ‘ரிகலெக்‌ஷன்’ என்ற பெயரில் அம்பர் (தேன்) நிறத்தில் இதை மறுபடி வெளியிட்டது. அந்த வெளியீட்டில் வேலைப்பாட்டுக்குள் பொடியாக 76 என்ற எண் இருக்கும். பிறகு நிறுவனம் மூடப்பட்டது. அச்சுகள் இண்டியானா கிளாஸிடம் போயின; அவர்கள் அந்த எண்ணை எடுத்துவிட்டு வேறு நிறங்களிலும் வார்த்தார்கள். ஆகவே 76 இருந்தால் அது புதியது என்று தீர்ப்புச் சொல்லலாம். இல்லையென்றால் பழையது என்று சொல்ல முடியாது. பழைய மாட்ரிட்டில் அதிகம் கிடைப்பது அம்பர். அசல் ரோஸ் குறைவு. இண்டியானாவின் ரோஸ் நிறையவே புழங்குகிறது, பார்வைக்கு நீர்த்தாற்போல் வெளிறியிருக்கும். நீங்களே ‘வெளிர் ரோஸ்’ என்று எழுதியிருப்பதால், இரண்டாவது கடைக்காரர் பக்கம்தான் நான் சாய்கிறேன். நீல மாட்ரிட்டிலும் இதே கதைதான்: பழையது மென்மையான நீலம், புதியது பளிச்சென்று இருக்கும்.

புதிய அச்சு வார்ப்புகளில் இன்னொரு பெரிய கூட்டம் குழந்தைகள் விளையாடும் அளவில் வந்த செட்டுகள். ஹாக்கிங் கிளாஸ் 1930 முதல் 1934 வரை செய்த காமியோ வடிவத்தில் பொம்மைக் கிரீமரும் கிண்ணமும் யாராவது காட்டினால், வயதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அந்த வடிவத்தில் பொம்மை அளவு அப்போது வரவே இல்லை. மோஸர் கிளாஸ் பின்னாளில் செய்தது. ஆனால் ஜெனட் நிறுவனத்தின் செர்ரி ப்ளாசம் பொம்மை செட் உண்மையாகவே அந்தக் காலத்தில் வந்தது. அதற்கும் 1970களிலிருந்தே போலிகள் உண்டு.

காமியோவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கிரீமரும் கிண்ணமும் இரண்டு உயரங்களில் வந்தன: 3¼ அங்குலம், 4¼ அங்குலம். ஒரே நிறம், ஒரே வேலைப்பாடு என்பதால், உயரம் பார்க்காமல் கலந்து ஜோடியாக்கிவிடுகிறார்கள். பிளாக் ஆப்டிக் என்ற வடிவத்தில் மூன்று உருவங்கள்: கூம்பு, உருண்டை, தட்டை. பையில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் பச்சை மூடி. எந்த வடிவம் என்று எழுதவில்லை. ஆனாலும் பரிசோதனை ஒன்றுதான். மூடியைக் கிண்ணத்தில் வைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அசல் மூடியும் ஒரு மில்லிமீட்டர் போல ஆடும். அழுத்திய கண்ணாடி ஆறும்போது கொஞ்சம் கோணும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நழுவினாலோ, உள்ளே இறங்காமல் மேலேயே நின்றாலோ அது வேறு பாத்திரத்தின் மூடி. பிறகு மூடியைக் கவிழ்த்து, கிண்ணத்துக்குள் இறங்கும் அடி வளையத்தில் விரலை ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்; மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு நாளில் எத்தனை முறை மூடியைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிண்ணம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, மூடி மட்டும் கையில் ஏறி இறங்குகிறது. அதனால்தான் மூடியின் விலை கிண்ணத்தை மிஞ்சுகிறது. ஹாக்கிங்கின் மேஃபேர் வடிவத்தில் ரோஸ் சர்க்கரை மூடி கிடைப்பது மிக அரிது. மெக்பெத்-எவன்ஸின் அமெரிக்கன் ஸ்வீட்ஹார்ட்டில் பால்வெள்ளை மூடியும் அப்படித்தான். சிலவற்றில் ஒரு சௌகரியம் உண்டு: ஜெனட்டின் ஆடம், கியூப் இரண்டிலும் மிட்டாய் ஜாடிக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் ஒரே மூடி. ஆகவே விரிசல் விட்ட மிட்டாய் ஜாடி மூடியோடு மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஹேஸல்-அட்லஸின் மாடர்ன்டோன் நீலக் கிண்ணத்துக்கு வந்தது உலோக மூடி. கண்ணாடி மூடி வைத்து விற்றால் யாரோ சேர்த்திருக்கிறார்கள். காமியோ, பிளாக் ஆப்டிக் கிண்ணங்களுக்கு மூடியே கிடையாது.

மூடி கிடைக்காமல் நீங்கள் தேடும் உயரமான கிண்ணம் அநேகமாகச் சர்க்கரைக் கிண்ணமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அழுத்துக் கண்ணாடியில் மேசை செட் என்றால் நான்கு துண்டுகள்: வெண்ணெய்ப் பாத்திரம், கிரீமர், மூடியுள்ள சர்க்கரைக் கிண்ணம், ஸ்பூனர். டீஸ்பூன்களைக் குத்தி நிறுத்தி மேசை நடுவில் வைக்கிற குவளைதான் ஸ்பூனர். விளிம்பை உள்பக்கமாகத் தடவிப் பாருங்கள். மூடி உட்கார ஒரு படி இருந்தால் அது சர்க்கரைக் கிண்ணம். படி இல்லாமல், விளிம்பு அலை அலையாக இருந்தால் ஸ்பூனர். அலை விளிம்பில் எந்த மூடி நிற்கும்? இந்தத் தவறு இரு பக்கமும் நடக்கிறது. மூடி தொலைந்த கிண்ணத்தை ஸ்பூனர் என்றும் விற்பார்கள். அங்கே உள்படி காட்டிக்கொடுத்துவிடும்.

புறஊதா டார்ச் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் கேட்கத்தான் போகிறீர்கள். 365 நானோமீட்டர் டார்ச் ஒன்று போதும். பச்சையில் யுரேனியம் இருந்தால் இருட்டில் பளீரென்று எலுமிச்சைப் பச்சையாக ஒளிரும். கிரீமர் ஒளிர்ந்து கிண்ணம் ஒளிராவிட்டால் அவை வேறு வேறு வார்ப்பு. இந்த ஒரு வேலைக்கு டார்ச் உதவும். வயதைச் சொல்ல உதவாது, ஏனென்றால் யுரேனியக் கண்ணாடி இப்போதும் செய்கிறார்கள். ரோஸ், அம்பருக்கு டார்ச்சைவிட நல்லது பகல் வெளிச்சமும் ஒரு வெள்ளைத் தாளும். இரண்டையும் அருகருகே தாளில் வைத்து, அடிப்பகுதியின் கனமான இடத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். மெல்லிய விளிம்பில் எல்லா ரோஸும் ஒன்றுபோலவே இருக்கும்.

சேதம் பார்க்கிற விதமும் கொஞ்சம். கிரீமரில் முதலில் மூக்கு. அங்கே சில்லு பெயர்ந்தால் உரசித் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். அப்போது மூக்கின் விளிம்பு மற்ற இடங்களைப்போல் உருண்டு மழுங்காமல், தட்டையாகவும் கூர்மையாகவும் இருக்கும். அடுத்தது கைப்பிடி உடலோடு சேரும் இரண்டு இடங்கள். வெளிச்சத்தை எதிரே வைத்துப் பார்த்தால்தான் தலைமுடிபோன்ற மெல்லிய விரிசல் தெரியும். உள்ளே அலைபோல ஒரு கோடு தெரிந்து, நகத்தில் தட்டுப்படாமல் போனால் பயப்பட வேண்டாம். உருகிய கண்ணாடியைக் கத்தரிக்கோலால் துண்டித்து அச்சில் விடும்போது குளிர்ந்த இடத்தின் தழும்பு அது. வைக்கோல் குறி என்று கடைகளில் சொல்வார்கள். வைக்கோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடலில் மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய வரி அச்சின் பொருத்து, அதுவும் பழுதல்ல.

கழுவும்போது தொட்டியின் அடியில் ஒரு தடித்த துவாலையை விரியுங்கள். குழாயின் வாயை ஒதுக்கிவையுங்கள். கிரீமர் உடைவது பெரும்பாலும் குழாயில் இடித்துத்தான். வெதுவெதுப்பான நீர், சில சொட்டு சோப்புத் திரவம், ஒரு தடவைக்கு ஒரு பாத்திரம்தான். ஜனவரியில் காரிலிருந்து எடுத்து வந்ததும் வெந்நீரில் விடாதீர்கள். வீட்டு வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அதே காரணத்தால் காய்ச்சிய பாலை நேரே ஊற்றுவதும் வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உடலைப் பிடித்துத் தூக்குங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்தால் பாரமெல்லாம் விளிம்பில் இறங்கும். நிமிர்த்தியே வையுங்கள், மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாள் இருக்கட்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே மறுபடி மங்கல் கட்டும்.

கொலம்பஸில் இருப்பது உங்களுக்கு யோகம். கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் நியூவர்க். 1896 முதல் 1957 வரை இயங்கிய ஹைஸி கண்ணாடி நிறுவனத்தின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஐ-70இல் இன்னும் கிழக்கே போனால் கேம்பிரிட்ஜ். அங்கும் அந்த ஊர்க் கண்ணாடிக்கென்றே ஒன்று உண்டு. ஹைஸியின் அடையாளம் வைர வடிவக் கட்டத்துக்குள் எச் (H) என்ற எழுத்து. 1958இல் ஹைஸியின் அச்சுகளை வாங்கிய இம்பீரியல் நிறுவனமும் சில காலம் அந்தக் குறியோடு வார்த்தது என்பதை நினைவில் வையுங்கள். அசல் துண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தால், கடை அலமாரியில் எடை, நிறம், விளிம்பு மூன்றும் தானாகவே வேறாகத் தெரியும்.

அந்நிய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடி வளையத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டுங்கள். உங்கள் கிண்ணத்தின் உள்விட்டத்தையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூடி விற்கும் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த இரண்டு எண்களைத்தான்.