படத்துக்காகப் பட்டினி கிடக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். நண்பர்கள் எடுக்கும் குறும்படத்தில், கடலில் வழிதவறிப் பல நாள் பட்டினி கிடந்து கரை சேரும் மீனவனாக நடிக்கிறேன். அதற்காக வெள்ளரிக்காயும் கடுங்காப்பியும்தான் சாப்பாடு. 18 நாளில் 68 கிலோவிலிருந்து 61-க்கு வந்துவிட்டேன். நேற்று சில்வர் பீச்சில் ஒத்திகை; மணலில் உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டிவிட்டது. சட்டையில்லாத காட்சிக்கு முந்தைய நாள் தண்ணீரும் குடிக்காதே, நரம்பு புடைத்துத் தெரியும் என்கிறார் இயக்குநர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தண்ணீர் குடியுங்கள், பட்டினியையும் இன்றோடு விடுங்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்கள் எடையுள்ள இளைஞர் ஒரு நாளில் செலவழிப்பது 2,400 கலோரி சொச்சம். 18 நாளும் வாயில் ஒரு பருக்கை படாமல் இருந்திருந்தாலும் ஐந்தரை கிலோ கொழுப்புதான் கரைந்திருக்கும். நீங்களோ வெள்ளரியும் தின்றுகொண்டே ஏழு கிலோ இறங்கியிருக்கிறீர்கள். ஆக, போனதில் கணிசமான பங்கு தண்ணீரும் தசையும். இதயமும் தசைதான். எழுந்ததும் கண் இருட்டியது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியதால். இந்த நிலையில் கடற்கரை வெயிலில் தண்ணீரும் இல்லாமல் நின்றால் சிறுநீரகம் அடிவாங்கும்; பொட்டாசியம் தாறுமாறாகி இதயத்துடிப்பே தடுமாறலாம்.

ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டியன் பேல் 2004-இல் வந்த 'தி மெஷினிஸ்ட்' படத்துக்காக 28 கிலோ வரை குறைத்தாரே என்பீர்கள். அவர் செய்தார் என்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. கமல் 1996-இல் 'அவ்வை சண்முகி'யில் மாமியாக மாறியது முகத்தில் ஒட்டிய செயற்கைத் தோலால். அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். பகலில் ஒடிசலாகத் தெரியும் மனிதர் அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி எழுந்தால் துரியோதனன்தான். உங்கள் வேஷத்துக்கும் அது போதும்: கன்ன எலும்புக்குக் கீழேயும் கண்ணைச் சுற்றியும் பழுப்பு நிழல், இரண்டு அளவு பெரிய சட்டை, பக்கவாட்டு வெளிச்சம். விலா எலும்பின் நிழலை விளக்கு வரைந்துவிடும். இயக்குநருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்றே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்பேட் ஏன் என்றால், பத்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று உணவு நிறைய இறங்கினால், இன்சுலின் எகிறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். பட்டினி கிடந்தபோது தாங்கிய இதயம் சாப்பிட்டபின் தடுமாறுவது இப்படித்தான். அதனால் விரதம் முடிந்தது என்று முழு பிரியாணியில் உட்காராதீர்கள். முதல் சில நாள் கஞ்சி, இரண்டு இட்லி, மோர், ஒரு முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் சொல்லும் அளவில் கூட்டுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிர்ந்தால் பயப்படாதீர்கள், இந்தப் பட்டினியின் பாக்கி அது. சாப்பாடு சரியானால் பெரும்பாலும் முளைத்துவிடும். ஆனால் நெஞ்சு படபடத்தாலோ மறுபடி மயக்கம் வந்தாலோ, படப்பிடிப்பு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, 108-ஐ அழையுங்கள்.