நாளைக்கு வேண்டும் என்று குழந்தைக்கு எப்போது புரியும்?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நேற்று நடந்ததை ‘நாளைக்கு’ என்கிறான். எல்லாத் தாளிலும் இப்போதே கிறுக்கினால் நாளைக்கு வரைய இருக்காது என்று சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. பிடிவாதமா, வளர்ச்சியில் ஏதாவது குறையா?

பதில்: இரண்டும் இல்லை. இனி நடக்கப்போவதை மனதில் ஓட்டிப்பார்க்கும் திறன் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் வேகமாக வளர்கிறது. நேற்று, நாளை என்ற சொற்கள் முதலில் வாயில் வந்துவிடும். அவை சரியாகப் பிடிபட இன்னும் சில வருடங்கள் ஆகும்.

அப்படியானால் சொன்னது ஏன் ஏறவில்லை? 2006இல் அட்டன்ஸ், மெல்ட்சாஃப் என்ற இரு உளவியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ப்ரெட்சல் என்ற உப்புத் தின்பண்டத்தைக் கொடுத்துத் தாகம் எடுக்க வைத்தார்கள். பிறகு, “நாளைக்கு வரும்போது உனக்கு எது வேண்டும், ப்ரெட்சலா, தண்ணீரா?” என்று கேட்டார்கள். தாகமில்லாத குழந்தைகளில் பெரும்பாலோர் ப்ரெட்சல் கேட்க, தாகத்தில் இருந்தவர்களோ தண்ணீரையே கேட்டார்கள். இந்த நிமிடத்தின் தாகம் நாளையை மறைத்துவிட்டது. உங்கள் பையனுக்கும் அதேதான். வரையும் ஆசை உச்சத்தில் இருக்கும்போது நாளைய ஆசை அவனுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் பேச வேண்டிய நேரம், அவன் கிரேயானைக் கையில் எடுப்பதற்கு முன்பு. “இதில் ரெண்டு தாளை நாளைக்கு எடுத்து வைப்போமா?” என்று கேட்டு, அவன் கையாலேயே அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் அவனே போய் எடுக்கட்டும். நூறு முறை சொல்வதைவிட இது நன்றாகப் பதியும் என்பது என் கருத்து. ‘நாளைக்கு’ என்பதோடு ‘தூங்கி எழுந்ததும்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரவில் படுக்கும்போது இன்றைக்கு என்னென்ன நடந்தது என்று அவனையே சொல்ல வையுங்கள். அப்புறம், நாளைக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கடந்ததை நினைப்பதற்கும் வரப்போவதைக் கற்பனை செய்வதற்கும் மூளை பெரும்பாலும் ஒரே பகுதிகளைத்தான் பயன்படுத்துகிறது. தன் வாழ்வில் நடந்த எதையும் நினைவுகூர முடியாமல் போன ஒரு நோயாளியால், நாளை என்ன செய்வேன் என்றும் சொல்ல முடியவில்லை என்று நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் எண்டல் டல்விங் பதிவு செய்திருக்கிறார். உங்கள் மகனின் பதில் “தெரியாது” என்றாலும் விடாதீர்கள். நீங்களே ஒன்றைச் சொல்லித் தொடங்கி வையுங்கள்.

பேச்சே வயதுக்கு ஏற்ப வரவில்லை, எளிய சொற்களும் புரியவில்லை என்று தோன்றினால் மட்டும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.