வழக்குக் கடதாசி வந்தால் முதல் 20 நாள்

தங்கச்சி, உங்கட கேள்வியை இரண்டு தரம் வாசிச்சன். கனடா வந்து மூண்டு வருசம், வேலை போன நேரம் கிரெடிட் காட்டில ஏறின 8,000 டொலர், இப்ப நீங்கள் கேள்விப்படாத ஒரு கொம்பனி ஸ்காபரோ வீட்டுக்கு வழக்குக் கடதாசி அனுப்பியிருக்கு. லோயர் பிடிக்கக் காசில்லை, பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) போயிடுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

போகாது. இது குற்ற வழக்கில்லை. கடன் கட்டேல்லை எண்டு இங்க ஒருத்தரையும் மறியலில போடமாட்டினம்.

இதை 2009இல எனக்குச் சொல்ல ஆளிருக்கேல்லை. எனக்கும் இப்பிடி ஒரு கடதாசி வந்தது. அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால ஒளிச்சு வைச்சன், மனிசிக்கும் சொல்லேல்லை. சில மாதத்தால வேலைத்தலத்தில சம்பளப் பிரிவு கூப்பிட்டு, இனிச் சம்பளத்தில 20 வீதம் கோட்டுக்குப் போகும் எண்டிச்சினம். நான் பதில் போடாதபடியால விசாரணையே இல்லாமல் கோட் கிளார்க் தீர்ப்பைப் பதிஞ்சிட்டார். கேட்ட தொகையில வட்டி பிழையாக் கூட்டியிருந்தது. அந்தக் கடதாசியை ஒழுங்கா வாசிச்சதே அதுக்குப் பிறகுதான். அப்பிடிப் பதிஞ்ச தீர்ப்பையும், தக்க காரணம் காட்டி உடன விண்ணப்பிச்சால் நீக்கலாமெண்டு அப்ப எனக்குத் தெரியாது.

அதால, கடதாசி கிடைச்ச திகதியை இண்டைக்கே எழுதி வையுங்கோ. ஒன்ராறியோவில 2025 ஒக்டோபரில இருந்து 50,000 டொலர் வரையான வழக்கு வழமையா ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட்டுக்குத்தான் (சிறு தொகை வழக்குகளுக்கான கோட்) போகும். அங்க எதிர்வாதம், அதாவது வழக்குக்கு நீங்கள் எழுதிற பதில், போடக் கடதாசி கிடைச்சதில இருந்து 20 நாள். படிவம் 9ஏ, கோட் இணையத்தளத்தில இருக்கு, இணையத்தாலயே அனுப்பவும் ஏலும். கட்டணம் உண்டு, வருமானம் குறைவெண்டால் விலக்குக் கேக்கலாம். உங்கட கையில தராமல் வீட்டில இருந்த பெரியாக்களிட்டக் குடுத்து, இன்னொரு பிரதியைத் தபாலில அனுப்பியிருந்தாலும் அது செல்லும்.

எதிர்வாதத்தில என்ன எழுதிறது? கடைசியாக் காசு கட்டின திகதியை முதலில தேடுங்கோ. கட்டத் தவறினது கடன் தந்தவைக்குத் தெரிஞ்ச நாளில இருந்து இரண்டு வருசத்துக்குள்ள வழக்குப் போடவேணும், இது 2002ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டியிருந்தால் அதை நீங்கள்தான் எழுதவேணும், நீதிபதி தானாக எடுக்கமாட்டார். ஆனால் அந்த இரண்டு வருசம் முடியமுதல் ஒரு 50 டொலர் கட்டினாலோ, கடன் உண்டெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சாலோ, இரண்டு வருசக் கணக்கு திரும்ப முதலில இருந்து தொடங்கும். வசூலிக்கிறவை போனில "சும்மா ஒரு சின்னத் தொகையெண்டாலும் போடுங்கோ" எண்டு கேட்டால், திகதி பாக்காமல் போடாதேங்கோ.

அடுத்தது, வங்கி உங்கட கடனை இந்தக் கொம்பனிக்கு வித்திருக்கும். வித்த பத்திரம் எங்க, காட் ஒப்பந்தம் எங்க, மாதக் கணக்கறிக்கை எங்க? கடனை நிரூபிக்கவேண்டியது அவை, நீங்களில்லை. என்ர மச்சானுக்கு இதே மாதிரி வழக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சமையலறை மேசையில இருந்து எதிர்வாதம் எழுதினம். எதிர்வாதம் போட்டாப்பிறகு சமரசக் கூட்டம் ஒண்டு கட்டாயம் நடக்கும். அதில எதிராளியிட்ட இருந்தது ஒரு பக்கக் கணக்கு மட்டும். நீதிபதி அதைப் பாத்திட்டு, இது விசாரணையில நிக்குமோ எண்டு அவையைக் கேட்டார். கடைசியில பாதிக்கும் குறைஞ்ச தொகைக்கு ஒத்துக்கொண்டிச்சினம். மச்சானின்ர இங்கிலீஷ் பெரிசாயில்லை. கடதாசியளைத் திகதிப்படி அடுக்கி வைச்சிருந்ததுதான் கைகுடுத்தது.

கடன் உண்மை, திகதியும் தாண்டேல்லை எண்டால் பொய் எழுதாதேங்கோ. அதே படிவத்தில கடனை ஒத்துக்கொண்டு மாதம் இவ்வளவு கட்டுறன் எண்டு கேக்க இடமிருக்கு. வேற கடனும் கழுத்தை நெரிச்சால், உரிமம் உள்ள திவால் அறங்காவலர் (கடன் கட்ட ஏலாதவையின்ர விசயத்தைச் சட்டப்படி கையாளுறவர்) ஒராளிட்டக் கதையுங்கோ. அவர் மூலம் கடன் தீர்வுத் திட்டம் (கன்சியூமர் புரொபோசல்) பதிஞ்சால் இந்த வழக்கும் நிக்கும். திவாலாகிறதுக்கு அவசரப்படாதேங்கோ, விடுவிக்கப்படும்வரை அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்ய ஏலாது.

அனுப்பமுதல் புரோ போனோ ஒன்ராறியோவின்ர இலவச ஆலோசனைத் தொலைபேசிக்கு எடுத்து, நீங்கள் எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ. எனக்கு இரண்டு திகதியை எழுதுங்கோ: கடதாசி வந்த நாள், கடைசியாக் காசு கட்டின நாள். இந்த ஞாயிறு சேர்ந்திருந்து படிவத்தை நிரப்புவம்.