குளோன் வேண்டாம், கோப்புகளை நகலெடுங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் டி.டி.பி. மையம் நடத்துகிறேன். எட்டு ஆண்டுப் பழைய லேப்டாப்பில் 1 டிபி ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிதாக வாங்கப்போகும் லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டிதான் இருக்கிறது. அதனால் 2 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றும் வாங்குகிறேன். பழைய டிஸ்க்கை அப்படியே ‘குளோன்’ செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். குளோன் என்றால் விண்டோஸ் உட்பட டிஸ்க் முழுவதையும் அச்சு அசலாக நகலெடுப்பது. ஒரே லேப்டாப்பில் சிறிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் பொருத்தும்போது குளோன் நல்ல வழிதான். நீங்கள் இயந்திரத்தையே மாற்றுகிறீர்கள். பழைய விண்டோஸ் பழைய மதர்போர்டுக்கான டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்களை, சுமந்துகொண்டு வரும். லேப்டாப்புடன் வந்த விண்டோஸ் உரிமமும் அந்த இயந்திரத்தைச் சேர்ந்தது, புதியதில் செல்லாது. பழையதில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. புதிய லேப்டாப்பில் வரும் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். மென்பொருள்களைப் புதிதாக நிறுவுங்கள்; கோப்புகளை மட்டும் நகலெடுங்கள்.

வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ரேம் 16 ஜிபி இருக்கிறதா? பல மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. இன்னொரு எஸ்எஸ்டி பொருத்தக் காலியாக எம்.2 ஸ்லாட் உண்டா? இருந்தால் நாளை இடம் போதாதபோது கைகொடுக்கும். 512 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் சுமார் 476 என்றும், 2 டிபி 1.81 என்றும் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறைதான் வேறு. ஆனால் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அவை பொய்யான கொள்ளளவைக் காட்டுபவை. உண்மையான இடம் நிரம்பிய பின் எழுதும் கோப்புகள் கெட்டுப்போகும்.

நகலெடுக்கும் முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அது மஞ்சளில் எச்சரித்தால், முதலில் வாடிக்கையாளர் வேலைகளை எடுத்துவிடுங்கள், படங்களும் பாடல்களும் பிறகு. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் தொழிலில் எனக்குள்ள பெரிய கவலை எழுத்துருக்கள் பற்றியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுபவை. எழுத்துரு வராமல் கோப்பு மட்டும் வந்தால், கல்யாணப் பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல், ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று குறிப்பிடாமல் நிறுவிய எழுத்துருக்கள் உங்கள் பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் இருக்கும். இரண்டு இடங்களிலிருந்தும் எடுங்கள்.

பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் இன்னொரு பொறி. அதற்குப் பின் வந்த இன்டிசைனில் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளே அவற்றைத் திறக்கும்; பிறகு வந்தவை திறக்காது. முக்கியமான வேலைகளைப் பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக மாற்றிவிடுங்கள். கணக்கு மென்பொருளான டாலி வைத்திருந்தால் அதன் கணக்குகளும் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் இருக்காது. நிறுவனத்தைத் தேர்வுசெய்யும் திரையில் அவை இருக்கும் இடம் தெரியும், அதையும் சேருங்கள். ஒன்டிரைவ் கோப்புகளில் மேகக் குறி இருந்தால் அவை உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று பொருள். முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்.

புதிய டிரைவ் எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது, என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். 900 ஜிபி அதில் இரண்டரை மணி நேரத்தில் முடியலாம். யுஎஸ்பி 2 என்றால் ஏழு மணி நேரம் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும். ‘கட்’ கொடுக்கவே கூடாது, ‘காப்பி’ மட்டும். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புறையின் பிராபர்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டின் வேலைகளிலிருந்தும் இரண்டு மூன்று கோப்புகளையாவது புதிய லேப்டாப்பில் திறந்து பாருங்கள்.

இதன்பின் பலரும் பழையதை அழித்துவிடுகிறார்கள். அப்போது எட்டு ஆண்டு உழைப்பும் மேசையிலிருந்து விழக்கூடிய ஒரே டிரைவில் நிற்கும். தயவுசெய்து இன்னொரு 2 டிபி வாங்கி, அதில் ஒரு நகல் எடுத்துக் கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். வேலை இல்லாதபோது அதை எந்தக் கணினியிலும் செருகி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் செருகியிருப்பதையும் பூட்டிவிடும். பீரோவில் வைக்க ஹார்டு டிஸ்க்கே போதும், விலையும் குறைவு. எஸ்எஸ்டி நீண்ட காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் தகவல் மெல்லக் கெடக்கூடும்.

புதிய லேப்டாப்பில், டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் தானாகவே இயங்கியிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டிய டிஸ்க்கைக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பழைய லேப்டாப்பை ஓரிரு மாதம் தொடாமல் வைத்திருங்கள். விடுபட்டது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, ‘ரீசெட்’ செய்து, டிரைவை முழுவதும் துடைக்கும் தேர்வைக் கொடுத்துவிட்டு விற்கலாம்.