குளிர் ஊரில் கொதிக்கும் லெப்டொப்

வாசகர் கேள்விகள்: ஹட்டனில் இருந்து ஒரு கணினி திருத்துநரின் பதில்கள்

இந்த முறை ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். எல்லாம் சூட்டைச் சுற்றி வருபவை. இதை எழுதும்போது என் மேசையில் திறந்து கிடக்கும் இரண்டு லெப்டொப்பும் அதே வருத்தத்தோடுதான் வந்து சேர்ந்தன.

நுவரெலியாவில் இருந்து ஒரு மாணவர்: வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் கேம் விளையாடுகிறேன். ஆனால் லெப்டொப் 97 டிகிரி காட்டுகிறது. 20 நிமிடம் போனதும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஐ7-9750எச் ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராபிக்ஸ் கார்ட். இந்தக் குளிரில் இப்படிச் சூடாகலாமா? கூலிங் பேட் வாங்கவா?

தம்பி, கூலிங் பேட் காசை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். அந்த 97 என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் ப்ராசசரின் அடிப்படை வேகம் 2.6 கிகாஹேர்ட்ஸ். டேர்போவில் 4.5 வரை போகும். 100 டிகிரி அதன் எல்லை. சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடம் இருக்கும் வரை அது தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டு போகும். அறை குளிராக இருந்தால் அந்தக் குளிரையும் வேகமாக மாற்றிவிடும். அதனால் 16 டிகிரி நுவரெலியாவிலும் 97 காட்டலாம், 30 டிகிரி கொழும்பிலும் 97 காட்டலாம். வித்தியாசம் வேகத்தில்தான் தெரியும்.

ஆகவே டிகிரியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், பக்கத்தில் எத்தனை கிகாஹேர்ட்ஸ் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இரண்டையும் காட்டும். அதைத் திறந்து வைத்துவிட்டு அரை மணித்தியாலம் விளையாடுங்கள். 97 டிகிரியில் 3.6, 3.8 என்று ஓடினால் கவலை இல்லை. 97 டிகிரியில் 2.6-க்கும் கீழே விழுந்தால் உள்ளே காற்று ஓடவில்லை என்று அர்த்தம். முதல் 20 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வெட்டுகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றி அதே கன அளவு காற்றைத்தான் தள்ளும். ஆனால் அந்தக் காற்றின் எடை குறைவு. சூட்டைச் சுமந்துகொண்டு வெளியே போவது எடைதான். குளிரில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியை மெல்லிய காற்று எடுத்துக்கொள்கிறது. மிச்சமும் லாபம்தான், ஆனால் கீழ்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

இன்னொன்று கம்பளி. குளிர் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து, கம்பளியை மடித்து அதன்மேல் லெப்டொப்பை வைத்து விளையாடுகிறார்கள். கேமிங் லெப்டொப் அடிப்பக்கத் துவாரத்தால்தான் காற்றை இழுக்கிறது. கம்பளி அந்த வாயை அடைத்துவிடும், அதன் நூல்தூசும் உள்ளே போகும். பலகையோ மேசையோ எதுவானாலும் சரி, கடினமான தளத்தில் வையுங்கள். பின்பக்கத்து இரண்டு கால்களுக்கும் கீழே இரண்டு போத்தல் மூடிகளை வைத்து உயர்த்துங்கள். கூலிங் பேட் செய்வதில் பெரும்பகுதியை அந்த மூடிகளே செய்துவிடும்.

அப்புறம் தூசி. வெளியே இருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். தூசி சேர்வது ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில். ஃபேனைக் கழற்றினால்தான் அதைக் காணலாம்: சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போலவே, உரித்து எடுக்கலாம். பின் மூடியைத் திறந்தவுடன் பெட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ப்ளோவரைப் பிடித்து நேரே அடித்தேன். ஃபேன் விசில் போலக் கத்திக்கொண்டு சுற்றியது, அடுத்த நாள் அதன் பெயரிங் போய்விட்டது. புது ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். அன்றில் இருந்து விரலை வைக்காமல் காற்று அடித்ததில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் வெட்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது சிப்பின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசியிருக்கும் பேஸ்டைப் பார்ப்போம்.

தலவாக்கலையில் இருந்து ஒரு தாய்: மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவு வரை கேம்தான். லெப்டொப்பைத் தொட்டால் கை சுடுகிறது. வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி வாங்கிக் கொடுத்தது. பிடுங்கி வைத்துவிடவா?

அக்கா, உங்கள் பயத்தில் ஒரு பாதி சரி. ப்ராசசர் சுடுவதால் லெப்டொப் வெடிக்காது. எல்லை தாண்டினால் அது தானாகவே அணைந்துவிடும், அதற்கான பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. கவனிக்க வேண்டியது பெட்டரியை. லித்தியம் பெட்டரி நாள் முழுக்கச் சூட்டிலும், எந்த நேரமும் 100 சதவீத சார்ஜிலும் இருந்தால் சீக்கிரம் பழுதாகும். சில பெட்டரிகள் உள்ளே வாயு சேர்ந்து ஊதிக்கொள்ளும்.

அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மகன் பள்ளிக்கூடம் போன பிறகு லெப்டொப்பை மூடி மட்டமான மேசையில் வையுங்கள். ஒரு மூலையை அழுத்தினால் ஆடுகிறதா? மூடி சரியாகப் பொருந்தாமல் நிற்கிறதா? விரலால் தடவும் பட்டை மேலே புடைத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம், புடைத்த இடத்தை அழுத்த வேண்டாம், குத்த வேண்டாம். அப்படியே கடைக்குக் கொண்டு போங்கள்.

ஒன்றும் இல்லை என்றால் பிடுங்கி வைக்கத் தேவையில்லை. மகனிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். லெப்டொப்போடு வந்த கம்பனி மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். அடுத்தது, கார்டின் செட்டிங்கில் ப்ரேம் எண்ணிக்கையை, அதாவது ஒரு செக்கனுக்கு வரையும் படங்களை, 60-இல் கட்டச் சொல்லுங்கள். எல்லை போடாவிட்டால் கார்ட் தன்னால் முடிந்த அளவு படங்களை வரைந்துகொண்டே இருக்கும், திரை காட்ட முடியாத படங்களையும் சேர்த்து. 60-இல் கட்டினால் சூடும் ஃபேன் சத்தமும் அன்றைக்கே குறைவதை அடுப்படியில் இருந்தே கேட்பீர்கள். மகனுக்குக் கேமில் பெரிய குறை ஒன்றும் தெரியாது.

அவர் மடியில் வைத்து விளையாடுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். நெடுநாள் சூடு பட்டால் தொடையில் வலை போலப் பழுப்புத் தழும்பு வரும்.

பதுளையில் இருந்து ஒரு வீடியோ எடிட்டர்: கல்யாண வீடியோதான் என் வருமானம். எடிட் முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் லெப்டொப் கொதித்து வேகம் விழுகிறது. சிப்பின் வோல்டேஜைக் குறைத்து அண்டர்வோல்ட் செய்தால் சரியாகும் என்று கேள்விப்பட்டு த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளைப் போட்டேன். அந்த இடம் பூட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

இது நான் ஆசையோடு பதில் எழுதும் கேள்வி.

ஒரே அச்சில் வந்த சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அதில் பலவீனமானதும் ஓட வேண்டும் என்பதால், கம்பனி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து அனுப்புகிறது. உங்கள் சிப் நல்லதாக இருந்தால் அந்தக் கூடுதல் வீண், வெறும் சூடு. சிப் வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வோல்டேஜைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே வேகத்தில் அந்த மின்சாரம் 19 சதவீதம் குறையும். வேகத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் சூட்டைக் குறைக்கும் வழி வேறு ஒன்றும் இவ்வளவு நல்லதாக இல்லை.

பூட்டியிருப்பது உங்கள் பிழை அல்ல. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற குறைபாட்டை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மென்பொருள் மூலம் இன்டெல் சிப்பின் வோல்டேஜைக் குறைத்து, அது பாதுகாத்து வைத்திருக்கும் இரகசியங்களைத் திருடலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த பயோஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பலவற்றில் அந்த வசதி பூட்டப்பட்டது. பயோஸுக்குள் போய்ப் பாருங்கள், சில லெப்டொப்களில் திறக்கும் வசதி அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எங்கோ கிடைத்த பழைய பயோஸை ஏற்றிப் பார்த்து, போர்டே உயிர் இல்லாமல் என்னிடம் வந்தவை உண்டு. தொழிலுக்குப் பாவிக்கும் லெப்டொப்பில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கார்ட் பூட்டப்படவில்லை, அங்கே வேலையைக் காட்டலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் எந்தக் கம்பனி லெப்டொப்பிலும் ஓடும். அதில் கொன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். கீழே வோல்டேஜ், பக்கத்தில் வேகம். உங்கள் கார்ட் எக்ஸ்போர்ட்டில் வழக்கமாக எந்த வேகத்தில் ஓடுகிறது என்று முதலில் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு 1,700 மெகாஹேர்ட்ஸ் என்றால், 850 மில்லிவோல்ட் புள்ளியை 1,700-க்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். பிறகு நீளமான ஒரு எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். திரையில் புள்ளி விழுந்தாலோ மென்பொருள் நின்றுவிட்டாலோ 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள். நன்றாக ஓடினால் 825-க்கு இறங்கிப் பாருங்கள். ஒரு கிழமை பிரச்சினை இல்லாமல் ஓடும் வரை, கணினி தொடங்கும்போதே இந்த செட்டிங் தானாக ஏறும்படி வைக்காதீர்கள். பிழையான எண்ணோடு ஏறினால் தொடக்கத்திலேயே தடுமாறும்.

ப்ராசசர் பக்கம் டேர்போவை நிறுத்தலாம். விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசசரின் உச்ச அளவு 100 என்று இருக்கும், அதை 99 ஆக்கினால் டேர்போ நின்றுவிடும். என் மேசையில் ஒரு 9750எச் இதனால் மட்டும் 95-இல் இருந்து 70-க்கு இறங்கியது. கேமுக்கு இது பெரும்பாலும் போதும். எடிட்டிங்குக்கு வேகம் குறைவதை உணர்வீர்கள், அதனால் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் இரவில் பாவியுங்கள். அதையும்விட முக்கியம், எக்ஸ்போர்ட் செட்டிங்கில் ஹார்ட்வெயார் என்கோடிங் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது கார்டில் உள்ள தனிப் பகுதிக்கு வேலையைக் கொடுக்கும், ப்ராசசர் மூச்சு விடும்.

மஸ்கெலியாவில் இருந்து: தோட்டத்து லயத்தில்தான் வீடு. வருடத்துக்கு இரண்டு முறை லெப்டொப்பைச் சுத்தம் செய்தும் சூடு திரும்ப வருகிறது. பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. லிக்விட் மெட்டலில் காலியம் இருக்கிறது. அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துவிடும். மின்சாரமும் கடத்தும். ஒரு துளி வழிந்து போர்டில் விழுந்தால் போர்ட் போய்விடும். லெப்டொப் என்பது சரித்து, தூக்கி, பஸ்ஸில் கொண்டு போகும் சாமான்.

உங்களுடைய காரணம் வேறு என்று நினைக்கிறேன். லயத்து வீடுகளில் இருந்து வரும் லெப்டொப்களின் தகட்டைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். விறகு அடுப்பின் புகையும் தாளிக்கும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து படியும் கரி அது. அதன்மேல் விழும் தூசி ஒட்டிக்கொள்ளும், காற்று அடித்தால் போகாது. ஐசோப்ரொபைல் அல்கஹோலில் நனைத்த மென்மையான ப்ரஷால் தகட்டின் இடுக்குகளைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். காம்பரா ஒன்றுதான் என்றால், சமையல் நேரத்திலாவது லெப்டொப்பை அணைத்து ஒரு துணியால் மூடி வையுங்கள். ஃபேன் சுற்றாத நேரத்தில் புகை உள்ளே இழுபடாது. இடம் இல்லாத வீட்டில் இதைச் சொல்வது இலகு, செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு காம்பராவில் வளர்ந்தவன்தான்.

சுத்தம் செய்யும்போதே பேஸ்டையும் மாற்றுங்கள். லெப்டொப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நீர்த்தன்மையான பேஸ்ட் சிப்பின் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அதனால் கெட்டியான பேஸ்ட் நல்லது. பிடிஎம்7950 என்ற தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அது சூட்டில் இளகி இடைவெளியை நிரப்பும், ஓரத்துக்கு ஓடாது. ஒன்றை மறக்காதீர்கள்: கழற்றும் திருகாணிகளை எங்கே இருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும்.

பண்டாரவளையில் இருந்து: பழைய சார்ஜர் போய்விட்டது. நண்பரின் சார்ஜர் அதே முனை, அதே 19.5 வோல்ட். போட்டால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் கேம் ஆமை போல ஓடுகிறது. லெப்டொப் சூடாகவும் இல்லை. என்ன கோளாறு?

லெப்டொப்பில் கோளாறு இல்லை. இரண்டு சார்ஜரின் அம்பியரையும் பாருங்கள். உங்களுடையது 9.23 அம்பியர் என்றால் 19.5-ஆல் பெருக்க 180 வாட். நண்பருடையது 3.33 என்றால் வெறும் 65 வாட். கார்டும் ப்ராசசரும் சேர்ந்து கேட்பதை அதனால் கொடுக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு லெப்டொப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதே வாட் உள்ள சார்ஜரை வாங்குங்கள். அதுவரை எழுத, படிக்க மட்டும் பாவியுங்கள். சின்ன சார்ஜரை அதன் முழு அளவில் மணிக்கணக்காக ஓட்டினால் அதுவும் கொதிக்கும்.

புது சார்ஜர் வாங்கிய பிறகு ஒன்று. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்காதீர்கள். ப்ளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள், ரூட்டரில் இருந்து வரும் வயர் செருகியிருந்தால் அதையும்.