மூக்கருகே விரல் வேண்டாம், நெஞ்சைப் பாருங்கள்

ஐந்து வயது மகனுக்கு உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சி, இரவெல்லாம் அவன் மூக்கருகே விரலை வைத்தபடி விழித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேறு நோய் இல்லாத குழந்தை அப்படி இறந்துபோவது மிக மிக அரிது. மூச்சுப்பாதை அடைபட்டதும் மூளையே அவனை அரைகுறையாக எழுப்பித் தொண்டையைத் திறக்க வைத்துவிடும். அந்த எழுப்புதல் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப நடந்து உறக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பல்லை நறநறவெனக் கடிப்பதையும் தூக்கத்தில் பேசுவதையும் மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். சளி பிடித்த வாரத்தில் மட்டும் வரும் குறட்டையும் அப்படித்தான். வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல், சளி இல்லாதபோதும் குறட்டை விடுகிறான் என்றால் பரிசோதனை தேவை.

விரலை எடுத்துவிட்டு, அவன் சட்டையைத் திறந்து நெஞ்சைப் பாருங்கள். பெருமூச்சுக்குப் பின் உடல் அசையாமல் சில நொடிகள் மூச்சின்றிக் கிடப்பது குழந்தைகளுக்கு இயல்பு. ஆனால் குறட்டை திடீரென நின்று, ஓசையே இல்லாத அந்த நேரத்திலும் வயிறு எழும்ப, விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிய, கழுத்தைப் பின்னால் வளைத்துப் போராடி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது என்றால், அதுதான் நீங்கள் தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. கனவு உறக்கம் மிகுந்த விடியற்காலையில் தசைகள் தளர்வதால் இது அப்போது கூடுதலாகத் தெரியும். நெஞ்சும் ஓசையும் பதிவாகும்படி இரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை சொன்னதையும், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வந்ததையும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முக்கியம். உறக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார்; குழந்தையோ பெரும்பாலும் துறுதுறுவென்று அலையும், எரிந்து விழும்.

தூங்க வைப்பதற்காக நீங்களாகவே கொடுத்துவரும் சளி மருந்தை இன்றே நிறுத்துங்கள். இணையத்தில் பார்த்தபடி வாயில் ஒட்டுநாடா ஒட்டும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மூக்கு அடைத்திருப்பதால்தான் குழந்தை வாயால் மூச்சு விடுகிறது. மிஞ்சியிருக்கும் அந்த வழியையும் மூடச் சொல்லும் ஆலோசனையை எத்தனை பேர் பகிர்ந்தாலும் அது ஆபத்தானதே.

காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சிலையும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு என்னும் சதையையும் பார்ப்பார். டான்சில் பெரிதாகத் தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. தேவையெனில், உறங்கும்போது மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்று பதிவு செய்யும் உறக்க ஆய்வு செய்வார்கள். பெரியவர்களுக்கு ஒரு மணி நேர உறக்கத்தில் ஐந்துக்குக் குறைவான மூச்சுத் தடைகள் பொதுவாக இயல்பெனக் கொள்ளப்படுகின்றன, குழந்தைக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்கிறோம். லேசான பாதிப்புக்கு மூக்கில் அடிக்கும் மருந்தே போதுமானதாக இருக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருத்துவரிடம் இந்தத் திணறலைக் கட்டாயம் சொல்லுங்கள். அதன்பின் வலிக்கு, மூச்சை மந்தமாக்கக்கூடிய கோடீன் என்னும் வலிநிவாரணி கலந்த மருந்து எதையும் கொடுக்கக் கூடாது.

உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.